இறகு கொட்டிய செவலைக் கோழியும் எங்கள் பகுதிக் கால்நடை மருந்தகமும்

கோழிக்கு இறகு கொட்டுகிறது என்று அரசுக் கால்நடை மருந்தகத்துக்குப் போகலாமா, போனால் மதித்துப் பார்ப்பார்களா என்று என்னிடம் பலரும் கேட்கிறார்கள். போகலாம். பார்ப்பார்கள். எங்கள் பகுதி மருந்தகத்தில் என் செவலைப் பொட்டைக்குக் கிடைத்த கவனிப்பைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. நிறை, குறை இரண்டையும் எழுதுகிறேன். நிறைதான் அதிகம்.

எங்கள் தோட்டம் ஈரோடு மாவட்டத்தில் கோபிக்கும் புளியம்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. மாடு, வெள்ளாடு, அவற்றோடு சிறுவிடை என்ற நாட்டுக்கோழிகள். முட்டையை வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். வளர்ந்த சேவல்கள் புளியம்பட்டி வியாழச் சந்தைக்குப் போகும். செவலைதான் இருப்பதில் மூத்தவள். அடையில் உட்கார்ந்தால் 21 நாளும் அசையமாட்டாள். பொரித்த குஞ்சில் ஒன்றைக்கூடப் பருந்துக்கு விட்டதில்லை. அப்படிப்பட்ட கோழிக்குப் புரட்டாசியில் பின்கழுத்தில் இறகு போக ஆரம்பித்தது. அப்புறம் தொடையின் உள்பக்கம், முட்டை வரும் வழியைச் சுற்றிலும் தோல் தெரிந்தது. கொண்டை வெளுத்துப்போனது. முட்டையும் நின்றுவிட்டது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "அடை கலைஞ்ச கோழி அப்படித்தான் இருக்கும் கண்ணு, தானா மொளைச்சுக்கும்" என்றார் அத்தை. பக்கத்துத் தோட்டத்து அக்கா, சேவல் மிதிக்கிறது, சேவலைப் பிரித்துக் கட்டு என்றார். மழைக்காலத்துக்கு முன்னால் கோழி பழைய இறகை உதிர்த்துப் புதுசு போட்டுக்கொள்ளும், அதுதான் இது என்றார் என் வீட்டுக்காரர். மூன்றுமே நடப்பதுதான். ஆனால் மூன்றில் எது என்று தெரிய வேண்டுமே.

டவுனில் கோழித்தீவனமும் மருந்தும் விற்கும் ஒரு கடைக்கு முதலில் போனோம். கடை பெரிய கடைதான். விவரம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கால்சியம் டானிக்கையும் ஒரு வைட்டமின் பொடியையும் எடுத்து வைத்துவிட்டார்கள். கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், கூடையைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. வீட்டுக்கு வந்து டப்பாவைப் பார்த்தால் "நூறு கோழிக்கு இத்தனை மில்லி" என்று போட்டிருக்கிறது. ஒரு கோழிக்கு அதை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

இதைக் கோபத்தில் சொல்லவில்லை, வருத்தமாக இருக்கிறது. பல்லடம் பக்கம் பிராய்லர், நாமக்கல் பக்கம் முட்டைக்கோழி என்று நாட்டுக்கே கோழி வளர்த்துக் கொடுக்கும் சீமை இது. ஆனால் பிராய்லர் கோழி ஆறேழு வாரத்தில் லாரி ஏறிவிடும். பெரிய கோழிபோல இறகு உதிர்த்துப் புதுசு போடும் வயதே அதற்கு வருவதில்லை. ஆயிரக்கணக்கில் வளர்க்கிற பண்ணைக்காரர் தனிக்கோழியைத் தூக்கிப் பார்க்கவும் முடியாது. அதனால் நம் கடைகளில் இருக்கும் சரக்கும் ஆலோசனையும் கூட்டத்துக்கானவை. வாசலில் மேயும் நாலைந்து கோழிக்கு, அதிலும் மூன்று வயதான ஒரு கோழிக்கு, யாரிடம் கேட்பது என்ற இடத்தில்தான் மருந்தகம் வருகிறது.

எங்கள் மருந்தகம் மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வாசலில் புங்கமரம், மாடு கட்ட இரும்புச் சட்டம், தண்ணீர்த் தொட்டி. காலையில் கூட்டம் இருக்கும். சினை ஊசிக்கு வந்த மாடுகள்தான் முன்வரிசை, அப்புறம் ஆடு, நாய். கோழிக்கூடையோடு போனால் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். அதில் தப்பில்லை. பருவத்துக்கு வந்த மாட்டை வெயிலில் காக்க வைக்க முடியாது. ஆனால் காத்திருக்கும் கோழிக்கு நிழலும் தண்ணீரும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாக்டரம்மா சின்ன வயதுதான். கூடையைத் திறந்ததும் கோழியைத் தலைகீழாகத் தூக்காமல், இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்துப் பிடித்து, மேசைமேல் துண்டு விரித்து உட்கார வைத்தார். நான் மதிப்பெண் போட ஆரம்பித்தது அந்த இடத்தில்தான்.

முதலில் சிறகை விரித்தார். "இங்க பாருங்கக்கா" என்று, சிறகின் நடுவில் இருக்கும் ஒரு குட்டை இறகைத் தொட்டுக் காட்டினார். அதற்கு வெளிப்பக்கம் பத்துப் பெரிய இறகுகள் இருக்கும். இயல்பாக இறகு உதிர்க்கும் கோழி என்றால், அந்தக் குட்டை இறகை ஒட்டிய முதல் இறகில் தொடங்கி ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் நோக்கி உதிரும். உதிர்ந்த இடத்தில் உறை போட்ட முளை நீலம் பாரித்து நிற்கும். உடம்பில் பார்த்தால் தலை, கழுத்து, மார்பு, முதுகு, சிறகு, வால் என்று ஒரு வரிசையில் போகும். செவலைக்குப் பத்து இறகும் பழைய இறகுதான், அப்படியே இருக்கின்றன. கழுத்திலும் முளை ஒன்றுகூட இல்லை. "இது பருவ உதிர்ப்பு இல்லீங்கக்கா" என்றார். என் வீட்டுக்காரர் சொன்னது அதோடு விலகியது.

அப்புறம் முதுகு. சேவல் மிதித்தால் முதுகிலும் பிடரியிலும் இறகு தண்டோடு ஒடிந்து நிற்குமாம், சில சமயம் நகம் கிழித்த கோடும் தெரியும். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பொட்டையாவது இருந்தால் இந்தத் தொந்தரவு குறையும் என்றார். செவலைக்கு முதுகு மூடியே இருந்தது. அடைக்கோழி மார்பிலும் வயிற்றிலும் தானே இறகைப் பிடுங்கிக்கொள்ளும், முட்டைக்குச் சூடு நேராகப் படவேண்டும் என்பதற்காக; மார்பைத் திருப்பிப் பார்த்தால் அங்கேயும் இறகு நிறைய இருக்கிறது. அத்தை சொன்னதும் இல்லை. மற்ற கோழி கொத்தியிருந்தால் வாலின் அடியில் ரத்தம் கட்டியிருக்கும். அதுவும் இல்லை.

ஒன்றொன்றையும் எனக்குக் காட்டித்தான் ஒதுக்கினார். எதையும் அவசரத்தில் சொல்லவில்லை. இறகு எந்த இடத்தில் போயிருக்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பிறகு முட்டை வரும் வழியைச் சுற்றி இறகை எதிர்ப்பக்கமாக நீவிப் பிரித்தார். ஒன்றிரண்டு பேன் ஓடியது. உடம்புப் பேன் பெருகிப்போன கோழி என்றால் இறகின் அடித்தண்டில் வெள்ளையாகக் கொத்துக்கொத்தாக அதன் முட்டை ஒட்டியிருக்கும் என்றார். அது இல்லை. கால் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு படிந்தது மாதிரி இருக்கிறதா என்று விரலால் தடவினார்; அது செள்ளு என்ற பொடிப்பூச்சியில் ஒரு வகை, காலில் ஏறுவது. அதுவும் இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கொண்டை வெளுத்த மாதிரியே அங்கேயும் வெளுப்பு.

"ரத்தம் குறைஞ்சிருக்கு. உடம்புல கடிக்கறதுக்குன்னு பெரிசா ஒண்ணும் இல்ல. தொடைப்பக்கம் மூக்கால கொத்திப் பிடுங்கியிருக்கு, மூக்கு எட்டாத பின்கழுத்தைக் காலால சொறிஞ்சிருக்கு. ராத்திரி எங்கக்கா அடையுது?"

"கூட்டுலதாங்க. ஆனா இவ மட்டும் இப்ப முருங்கை மரத்துல ஏறிக்கறாளுங்க. பிடிச்சு உள்ள விட்டாலும் நிக்கறதில்லை."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "கூட்டுக்குப் புதுசா ஏதாச்சும் கோழி வந்துச்சா?" கொழுந்தனார் ஆடியில் சந்தையிலிருந்து வாங்கி வந்து எங்களிடம் விட்டுப்போன வெடைகளை, அதாவது இளம் பொட்டைகளைப் பற்றிச் சொன்னேன். ரத்தம் குடிக்கிற செள்ளு சந்தைக் கூண்டிலிருந்தும் வரலாம், கூரையில் கூடு கட்டும் மைனா குருவியிலிருந்தும் வரலாம். எப்படி வந்தாலும் கோழியிடம் தேடிப் புண்ணியமில்லை, கூட்டில்தான் தேட வேண்டும் என்றார். ராத்திரி 9 மணிக்கு மேல், கோழிகள் அடைந்து நன்றாக இருட்டின பிறகு, டார்ச்சோடு போய், அவை உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள் என்றார். மருந்து எதுவும் தரவில்லை. பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பினார். டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் எல்லாருக்கும் வேலை முடிந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை.

எங்கள் கூடு பழைய மரக்கூடு. தென்னஞ்சட்டத்தில் மாமனார் காலத்தில் அடித்தது. பகலில் எத்தனை தடவை கூட்டினாலும் ஒன்றும் கண்ணில் படாது. ராத்திரி டார்ச் அடித்தபோது, கட்டை சட்டத்தில் செருகியிருக்கும் இடுக்கில் மிளகுத்தூள் கொட்டினாற்போல் கிடந்தது. உற்றுப் பார்த்தால் அது நகர்கிறது. பழைய வேட்டித் துண்டால் அடியில் ஒரு இழுப்பு இழுத்தேன். துணி நெடுக ரத்தக் கோடு. அது என் கோழிகளின் ரத்தம். கை வழியாக முழங்கைவரை ஊர்ந்தது, அரிப்புத் தாங்கவில்லை. முட்டை எடுக்கும்போது கையில் ஏன் தடிக்கிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அந்தத் துண்டை முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவரில் கொண்டுபோய்க் காட்டியபோது, டாக்டரம்மா செல்போன் கேமராவைப் பெரிதாக்கி எனக்கும் காட்டினார். சிவப்புச் செள்ளு. ஒரு மில்லிமீட்டர்கூட முழுசாக இருக்காது. பசியில் இருந்தால் சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. பகலெல்லாம் மர இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி மட்டும் கோழிமேல் ஏறிக் குடித்துவிட்டு இறங்கிவிடும். நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வருவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். கூட்டைக் கொஞ்ச நாள் காலியாகப் போட்டுவிட்டால் செத்துவிடாதா என்று கேட்டேன். கோழியே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்றார். செவலை மரத்தில் ஏறிக்கொண்டது பிடிவாதத்தில் இல்லை, அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. இறகு அவளுக்கு மட்டும் போனாலும் மற்ற கோழிகளின் கொண்டையும் லேசாக வெளுக்க ஆரம்பித்திருந்தது, பிறகு கவனித்துப் பார்த்தேன்.

வைத்தியம் முழுக்கக் கூட்டுக்குத்தான். கோழிகளை வேப்பமரத்தடியில் கொடாப்பு என்ற மூங்கில் கூடை போட்டுக் கவிழ்த்தோம். கூட்டிலிருந்த வைக்கோலைத் தள்ளிக் கொண்டுபோய்க் கொளுத்தினோம். கட்டைகளைக் கழற்றிவிட்டு இடுக்கெல்லாம் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினோம். என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து கேஸ் பர்னர் வாங்கி வந்து மூட்டு மூட்டாகத் தீ காட்டினார். காய்ந்த பிறகு டெல்டாமெத்ரின் சேர்ந்த மருந்து. அளவு சீட்டில் இருந்தது. அதை இங்கே எழுதவில்லை, உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டுக்கு மட்டும் அடிக்க வேண்டும், கோழிமேல் வேண்டாம், மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும், நன்றாகக் காய்ந்த பிறகுதான் கோழியை உள்ளே விட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கூட்டில் அந்தச் சமயம் கிடந்த முட்டைகளை விற்கவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம் என்றார். 7 நாள் கழித்து மறுபடி அடிக்க வேண்டும், ஏனென்றால் மருந்து செள்ளின் முட்டையைக் கொல்வதில்லை. இந்த இரண்டாவது தடவையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். கடைசியில் சுண்ணாம்பு கெட்டியாக அடித்தோம். பட்டையோடு இருந்த பழைய கட்டைகளுக்குப் பதில் வழவழப்பாகச் சீவிய சவுக்குக் கழி போட்டு, கழி நிற்கும் இரும்புக் காலில் கிரீஸ் தடவியிருக்கிறோம். இடுக்கு இல்லாவிட்டால் அதற்கு ஒளிய இடமில்லை.

கோழிகளுக்கு ஒரு பழைய டயரில் சலித்த மண், அடுப்புச் சாம்பல், கொஞ்சம் வசம்புப் பொடி கலந்து வைத்தோம். அதில் புரண்டு புரண்டு குளிக்கின்றன. இது அத்தையின் கைவைத்தியம். டாக்டரம்மாவும் சரி என்றார், பேனுக்கு நல்லது, ஆனால் கூட்டில் ஒளிந்திருக்கும் செள்ளுக்கு இது மட்டும் போதாது என்றார்.

தீவனம் பற்றி அவர் சொன்னது எல்லாருக்கும் உதவும். இறகு என்பது பெரும்பாலும் புரதம்தான், அதனால் வெறும் கம்பும் அரிசியும் போட்டால் முளைப்பது தாமதமாகும். கடலைப் புண்ணாக்குச் சேர்க்கச் சொன்னார், ஆனால் பூஞ்சை வாசம் வந்த புண்ணாக்கைத் தொடவே வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார். கரையான் கிடைத்தால் அதைவிட நல்லது. பானையில் காய்ந்த சாணமும் கந்தல் சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றுப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், குஞ்சுகளுக்கு இப்படித்தான் தீனி போட்டு வளர்த்தார்.

செவலை இப்போது தானாகவே கூட்டுக்குள் போய் அடைகிறாள். கொண்டை சிவந்துவிட்டது, முட்டையும் வைக்கிறாள். பின்கழுத்தில் வேரோடு போன இறகெல்லாம் முளைத்துவிட்டன. தொடையில் இன்னும் மொட்டைத்தண்டு நிற்கிறது. ஒடிந்த இறகின் அடித்தண்டு தோலுக்குள் இருக்கும்வரை புதுசு வராது, அடுத்த பருவ உதிர்ப்பில்தான் அது மாறும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். இந்த ஒரு விவரம் தெரியாமல் மருந்து பலிக்கவில்லை என்று அலைகிறவர்களை எனக்குத் தெரியும்.

குறைகளுக்கு வருகிறேன். மருந்தகத்தில் பூதக்கண்ணாடிகூட இல்லை. டாக்டரின் சொந்த செல்போன்தான். செள்ளு மருந்து இருப்பில் இல்லை, வெளியில் வாங்கினோம். முகாம் இருக்கும் நாளில் டாக்டர் இருக்கமாட்டார். பலகையில் அதை எழுதி வைத்தால் தூரத்துத் தோட்டத்துக்காரர்கள் கூடையோடு வந்து திரும்ப வேண்டியதில்லை. கோழிக்கு என்று வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எத்தனையோ பெண்கள் வருவார்கள், ஏனென்றால் வீட்டில் கோழிக்காசு பெண்களின் கையில்தான் புழங்குகிறது. இதை அங்கேயே சொல்லிவிட்டும் வந்தேன். பார்த்ததற்குப் பணம் வாங்கவில்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அந்த அரையும் கட்டடத்துக்கும் இருப்புக்கும்தான், டாக்டருக்கு ஐந்தும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகக் கொண்டு போகாதீர்கள். மூங்கில் கூடையில் வைத்து மேலே துணி கட்டுங்கள். உதிர்ந்த இறகு நாலைந்தும், கூட்டின் போட்டோவும் கையில் இருக்கட்டும். எங்கே அடைகிறது, என்ன தின்கிறது, முட்டை எப்போது நின்றது, புதுக்கோழி சேர்த்தீர்களா என்று நிச்சயம் கேட்பார்கள். புதுக்கோழி வாங்கினால் இரண்டு மூன்று வாரமாவது தனியே வைத்திருந்து பிறகு சேர்க்கச் சொல்கிறார்கள். 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி மாடு ஆட்டின் அவசரத்துக்கு. இறகு பார்க்க அதைக் கூப்பிட வேண்டாம். கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் மட்டும் தாமதிக்காமல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். 1985இலிருந்து இருக்கும் கல்லூரி, நோய் என்னவென்று அறுத்துப் பார்த்துச் சொல்லும் வசதி அங்கே உண்டு. பிப்ரவரியில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு இலவசத் தடுப்பூசி முகாம் போடுவார்கள், அதற்கும் இதே மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயைக் கோழிமேல் தடவும் பழக்கம் இன்னும் சில தோட்டங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், தோல் வெந்துவிடும்.